மொட்டை மாடிக்கு யார் பொறுப்பு?

ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூரில் நண்பகல் நேரம் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழல் அதன் காலடியிலேயே சுருண்டுகொள்ளும். இந்த ஊர் ஏறக்குறைய 12.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பிறகு ஆகஸ்ட் நடுவில் இன்னொரு முறை. இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து விழும். அதனால் கத்திரி நாட்களில் உச்சிப்பொழுது வெயிலுக்குத் தெற்குச் சுவர் கிட்டத்தட்டத் தப்பித்துவிடுகிறது. கிழக்கும் மேற்கும் பாதிப் பாதி நாள் வாங்குகின்றன. முழு நாளும் வாங்குவது கூரை மட்டும்தான்.

அந்தக் கூரை பெரும்பாலான வீடுகளில் 4 அல்லது 5 அங்குலக் கான்கிரீட். மேலே பூச்சு, கையில் காசு இருந்தால் சுர்க்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போட்டுத் தட்டோடு. வெயில் காயும் வெற்றுக் கான்கிரீட்டின் மேற்பரப்பு மே மாதப் பிற்பகலில் 55, 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு அடிப்பக்கம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகிறது. அதாவது மதியம் ஒரு மணி வெயில் மாலை ஆறு மணிக்குத்தான் அறைக்குள் இறங்குகிறது. நள்ளிரவு வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே திண்ணையில் காற்று ஆறிப்போயிருக்கும்போது உள்ளே படுக்க முடியாமல் போவது இதனால்தான். இரவு ஒன்பது மணிக்குப் பரண் மேல் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்தால் சுடும். ஃபேன் அந்தக் கூரைக்கு ஒரு அடி கீழே சுற்றுகிறது, அங்கே தேங்கியிருக்கும் சூட்டைத்தான் இழுத்துக் கட்டில் மேல் தள்ளுகிறது. சுற்றிலும் வெயில் வாங்கிய கருங்கல் மலைகள். கடற்காற்று என்பது சென்னைக்காரர்களின் சொத்து. 'மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு' என்று ஊரைக் கிண்டல் செய்யும் பழைய சொலவடை ஒருவகையில் வானிலை அறிக்கைதான்.

பருவநிலை மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு டீக்கடையில் வந்தால் இரண்டே கட்சிதான். "நான் ஒரு ஃபேன நிறுத்தினா உலகம் குளுந்துடுமா?" என்பது ஒன்று. "எல்லாத்துக்கும் கவருமெண்டயே கை காட்டினா எப்படி?" என்பது மற்றது. இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே சூடான கூரைக்குக் கீழே. அந்தக் கூரை மேல் ஏறிக் கைவைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சில வேலைகள் குடியிருப்பவர் கையில் இருக்கின்றன. சில வேலைகள் வீட்டு ஓனர் கையில். சிலவற்றை அரசிதழில் ஒரு வரி அச்சாகாமல் யாராலும் செய்ய முடியாது. 'தனிமனிதர்' என்று ஒரே பெயரில் ஓனரையும் குடித்தனக்காரரையும் சேர்த்துக் கட்டுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு என்பது என் கட்சி.

முதலில் கூரை மேல் செய்யக்கூடியது. செலவு குறைந்ததும், பலன் உடனே தெரிவதும், அதிகமாகக் கெடுக்கப்படுவதும் சுண்ணாம்பு வெள்ளைதான்.

பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். நன்றாக அடித்த சுண்ணாம்பு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். மேற்பரப்புச் சூடு பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் குறைவது இதனால்தான். அறைக்குள் காற்றின் சூடு அவ்வளவு குறையாது, இரண்டு மூன்று டிகிரிதான். ஆனால் உள்கூரை அனல் வீசுவது நின்றுவிடும். உடம்புக்குத் தெரிவது அதுதான்.

வேலைக்கு உகந்த காலம் மாசி. பொங்கல் முடிந்து பனி விலகி, வெயில் ஏறாத நாட்கள். மே மாதத்தில் சூடு பொறுக்காமல் ஓடிப்போய் அடிப்பவர்கள்தான் "ரெண்டு மழையில போயிடுச்சு" என்கிறார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக் கல்லாக வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும். கொதிக்கும் தளத்தில் அடித்தால் பத்து நிமிடத்தில் உலர்ந்து வெறும் மாவாக நிற்கும், கால் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

1,000 சதுர அடிக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் 25 கிலோ, பிசின் 2 கிலோ. முன்பு பிசினுக்கு வஜ்ஜிரமோ அரிசிக் கஞ்சியோ ஊற்றினார்கள். இப்போது ஃபெவிகால் அல்லது கான்கிரீட் கலவையில் சேர்க்கும் அக்ரிலிக் திரவம். நீற்றாத சுண்ணாம்பு வாங்கினால் பீப்பாயில் முதலில் தண்ணீர், அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை: கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தத் தண்ணீரால் அலசிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாய் அந்தச் சூட்டுக்கு இளகிவிடும், இரும்பு டிரம்தான் சரி. இரவு முழுக்க ஊறட்டும். காலையில் கொசுவலைத் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். தயிர்ப் பதத்தில் அடித்தால் ஒரே கோட்டில் (பூச்சில்) வெள்ளை வெளேர் என்று இருக்கும். மேஸ்திரிக்கும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது தோல் தோலாக உரியும். மெல்லிசாக இரண்டு கோட்டு: முதல் நாள் கிழமேலாக, மறுநாள் தென்வடலாக. நீலம் போடத் தேவையில்லை. அது கண்ணுக்கு வெள்ளையைக் கூட்டிக் காட்டும், வெயிலுக்கு அல்ல.

அடிப்பதற்கு முந்தின வேலையில்தான் கோட்டைவிடுகிறார்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மயிரிழை வெடிப்புகளை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, பாலிமர் கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் இறங்கும் ஓட்டை இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். வெடிப்பை விட்டுவிட்டு வெள்ளை அடித்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும், பழி வெள்ளை மேல் விழும். அடிக்கும் முன் தளத்தை ஈரப்படுத்தி, அடித்த பின் இரண்டு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டி நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய கோட்டு போதும்.

பெண்கள் எழுப்பும் நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு: வடகம் எங்கே காயவைப்பது? மிளகாய் எங்கே? சுண்ணாம்புத் தளத்தில் பாய் விரித்தாலும் பொடி ஏறும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி விட்டுவிடுங்கள். கூரை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கூல் ரூஃப் பெயிண்ட் நான்கைந்து ஆண்டு வரும். நீர் கசிவையும் ஓரளவு தடுக்கும். 20 லிட்டர் டப்பாவில் இரண்டு கோட்டுக்கு 500 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். டப்பாவில் எழுதியிருப்பது வழுவழுப்பான சுவர்க் கணக்கு. சொரசொரப்பான தளம் கூடக் குடிக்கும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் ஒரே ஆண்டில் பழுப்பேறும். பங்குனியில் ஒருமுறை பெருக்கிக் கழுவினால் பாதி வெண்மை திரும்பிவிடும்.

சிமெண்ட் ஷீட் வீடு என்றால் விதி வேறு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. துளை போடவும் உடைக்கவும் கூடாது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு மேலே வெள்ளை அடிக்கலாம், ஏறும் ஆள் பலகை போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். உள்ளே தெர்மாகோல் ஒட்டுவது பரவலாகிவிட்டது. அடுப்புக்கு மேலே தெர்மாகோல் என்பது தீக்குச்சிக்கு மேலே பஞ்சு. மூங்கில் பாயோ கோரைப் பாயோ அடித்து, ஷீட்டுக்கும் பாய்க்கும் நடுவில் அரை அடி காற்று விட்டால் நல்லது. பச்சை வலை கட்டுவதானால் தளத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் இருக்க வேண்டும். தளத்தின் மேலேயே விரித்து வைத்தால் அதனால் பயன் குறைவு. பழைய கூரை மேல் மண்தொட்டி வரிசைகளை ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கேளுங்கள். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் கொட்டுவது இந்த ஊருக்குக் கட்டுப்படியாகாது. வெடிப்பு வழியே கம்பிக்குத் துருவும் ஏறும்.

இதற்கெல்லாம் ஓனர் வேண்டும். இங்கேதான் சிக்கல்.

வேலூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. மருத்துவமனை வேலைக்கு வந்தவர்கள், காட்பாடியில் படிக்க வந்தவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலை நம்பி வந்தவர்கள். சிஎம்சி-யில் வைத்தியத்துக்கு வந்து பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் வேறு. மேல்மாடி போர்ஷனுக்கு வாடகை குறைவு. ஆனால் அந்தக் குறைவை மே மாதக் கரண்ட் பில் பிடுங்கிக்கொள்ளும். கூரை ஓனருடையது, சூடு குடித்தனக்காரருடையது. "ஓனரம்மா, மேல ஒரு வெள்ளை அடிச்சா நல்லாருக்கும்" என்று கேட்டால் வரும் பதில் எல்லாத் தெருவிலும் ஒன்றுதான்: "பில்லு நீங்கதானே கட்றீங்க, நீங்களே அடிச்சுக்கோங்க." குடித்தனக்காரர் மனசுக்குள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: பதினோரு மாச அக்ரிமெண்ட், தை மாசம் காலி பண்ணச் சொன்னால் என் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டா போக முடியும்?

ஒரே சர்வீஸில் சப் மீட்டர் வைத்து இரண்டு மூன்று குடித்தனம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 200-லிருந்து 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டியதும் எட்டு ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் பதினொன்றுக்கு மேல். அதோடு, மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதிக் கட்டணச் சலுகை 501-ஆவது யூனிட்டில் பறிபோய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடும். மூன்று குடும்ப உபயோகமும் ஒரே மீட்டரில் கூடினால் 500 எங்கே நிற்கும்? அந்தப் பாதிக் கட்டணச் சலுகை யாருக்கும் கிடைக்காது.

பேசித் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 800 சதுர அடித் தளத்துக்குச் சுண்ணாம்பு, பிசின், இரண்டு ஆள் கூலி எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். செலவைக் குடித்தனக்காரர் போட்டு, இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொள்வது. வெடிப்பு அடைக்கும் செலவு மட்டும் ஓனருடையது, ஏனென்றால் கசிவு நின்றால் காப்பாற்றப்படுவது அவர் கம்பி. இதை அக்ரிமெண்ட் தாளில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் போதும்.

குடித்தனக்காரர் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய பெரிய வேலை ஃபேன். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

48 அங்குலச் சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 63 யூனிட், புதியது 25. ஒரு ஃபேனுக்கு 38 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது கணக்கு. ஆக ஒரு ஃபேன் மாற்றினால் இரண்டு மாதத்தில் 26, 27 கிலோ. ஏ.சி. வைக்காத வீட்டில் இதைவிடப் பெரிய ஒற்றை மிச்சம் கிடைப்பது அரிது.

மாட்டும்போது நடக்கும் தப்பு எப்போதும் ரெகுலேட்டரில்தான். "ரெகுலேட்டர் இருக்கட்டும்ணா, ரிமோட் தொலைஞ்சா உதவும்" என்று கடைக்காரரிடம் சொல்லிப் பழைய ரெகுலேட்டரோடு இணைத்துவிடுகிறார்கள். பழைய ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் ஜாதி. பிஎல்டிசிக்குள் இருக்கும் போர்டு எந்த அழுத்தம் வந்தாலும் தனக்கு வேண்டிய வாட்டை இழுத்துக்கொள்ளப் பார்க்கும். இரண்டும் மல்லுக்கட்டினால் ஃபேன் முனகும், விட்டு விட்டுச் சுற்றும், கடைசியில் போர்டு புகையும். ரெகுலேட்டரைக் கழற்றி இரண்டு ஒயரையும் நேராக இணைத்துவிட வேண்டும், அல்லது ரெகுலேட்டரோடு ஓடக்கூடியது என்று தெளிவாக எழுதப்பட்ட மாடலை வாங்க வேண்டும். போர்டு மட்டும் தனியாகக் கிடைக்கிறதா, ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கோடையில் அழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் முதலில் போவது போர்டுதான்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு லாபம். 150 ஏஎச் பேட்டரியில் நான்கு சாதாரண ஃபேன் மூன்றரை நான்கு மணி நேரம் ஓடும். நான்கும் பிஎல்டிசி என்றால் இரவு முழுக்க ஓடும்.

புது ஃபேன் வாங்க வசதியில்லை என்றால், வேகம் குறைந்த பழைய ஃபேனுக்கு முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். 2.5 மைக்ரோ ஃபாரட், விலை சொற்பம். சூட்டில் அது 1.8-க்கு இறங்கிவிட்டால் ஃபேன் ஐந்தாம் எண்ணிலும் சோம்பும். இறக்கையின் தூசியையும் துடைத்துவிடுங்கள். ஏ.சி. உள்ளவர்கள் 26-ல் வைத்துக்கொண்டு ஃபேனையும் ஓட்டினால் 22-ல் வைப்பதற்கான தேவை இருக்காது. வெளியே உள்ள யூனிட்டைத் திருட்டுக்குப் பயந்து நான்கு பக்கமும் தகடு வைத்து அடைத்தால் அது தன் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும், கம்பி வலைக்கூண்டே போதும். ஃபிரிட்ஜ் ரப்பரில் ஒரு ரூபாய்த்தாள் அளவுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போச்சு. சம்ப்பிலிருந்து டேங்க்குக்கு ஏற்றும் 1 ஹெச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தின்னும். மிதவை சுவிட்ச் இல்லாமல் டேங்க் வழிந்து தெருவில் ஓடும் காவிரித் தண்ணீர் எத்தனை மைல் பம்ப் செய்யப்பட்டு இந்த ஊருக்கு வந்தது என்று யோசித்தால் வயிறு எரியும்.

இதுவரை சொன்னது வீட்டுப் பக்கம். இனி, வீடு எவ்வளவு முயன்றாலும் எட்டாத இடங்கள்.

மாதம் 50 யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அறை, ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவி. அவர்களுக்குப் பில் பூஜ்யம். பிஎல்டிசி ஃபேன் வாங்கினாலும் பில் பூஜ்யம்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ரூபாய் போட்டு ஃபேன் வாங்கினால் அவர்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. அந்த 38 யூனிட் மிச்சத்தின் முழு லாபமும் இலவச யூனிட்டுக்குப் பணம் கட்டும் அரசுக்கே போகிறது. அப்படியானால் அந்த ஃபேனை வாங்கித் தர வேண்டியது யார்? விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை 2011-லிருந்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம் இது. ரேஷன் கார்டு பட்டியல் இருக்கிறது, விநியோக அனுபவம் இருக்கிறது. இந்த முறை கொடுக்கும் ஃபேன் தன் விலையைத் தானே மீட்டுத் தரும், அதுவும் கொடுத்தவருக்கே. 'இலவசம்' என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மொத்தமாக வாங்கினால் விலை என்ன ஆகும் என்பதற்கு எல்இடி பல்பு சாட்சி. 2014 தொடக்கத்தில் மத்திய அரசு நிறுவனம் மொத்தக் கொள்முதலில் ஒரு பல்புக்குக் கொடுத்த விலை 310 ரூபாய். 2016-க்குள் அது 38 ரூபாய்க்கு வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. குண்டு பல்பு கடைகளிலிருந்து மறைந்தது யாருடைய மனமாற்றத்தாலும் நடக்கவில்லை. சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஏ.சி.யை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020-லிருந்து விதி. இப்படிப்பட்ட ஒரு வரி, லட்சம் பேருக்குச் செய்யும் பிரசாரத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

கூரைக்கும் ஒரு விதி இருக்கத்தான் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட நெறி, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. நம் வெற்றுக் கான்கிரீட்டில் அது மூன்று வாட்டுக்கு மேல். புதிதாகக் கட்டும்போது சுர்க்கிக்கு அடியில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் எனும் வெப்பத்தடுப்பு நுரைப் பலகை விரித்தால் எளிதில் 1.2-க்குக் கீழே வந்துவிடும், வீடு முடிந்த பிறகு தட்டோட்டைப் பெயர்த்துச் செய்வது பெரிய பாடு. ஆனால் அந்த நெறி பேசுவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை. அதாவது சுமார் 5,380 சதுர அடி. சத்துவாச்சாரியிலும் தொரப்பாடியிலும் 1,200 சதுர அடி மனை வாங்கிக் கடன்பட்டுக் கட்டுபவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வசதியான ஏற்பாடு. அதே சான்றில் 'கூரைக்கு வெப்பத்தடுப்பு அல்லது வெள்ளைப் பூச்சு உண்டு' என்ற கட்டாய வரியைச் சேர்க்க அரசுக்குக் காசு செலவில்லை. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்துவிட்டது.

கட்டாயம் என்றால் ஏமாற்றுவார்கள் என்று சொல்வதற்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது. இன்றும் பல தெருக்களில் மாடியிலிருந்து பிவிசி குழாய் மட்டும் இறங்கியிருக்கும், கீழே குழி இருக்காது. ஆனாலும் அந்தச் சட்டம் இல்லாமல் இத்தனை வீடுகளில் குழாய்கூட இறங்கியிருக்காது. தவிர, வெள்ளைக் கூரையில் ஏமாற்றுவது கஷ்டம். பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரசுப் பணத்தில் எழும் வீடுகளில் இந்தச் சாக்கும் கிடையாது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்சம். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. அந்த 300 சதுர அடிக்கு எட்டு கிலோ சுண்ணாம்பும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிசினும் போதும். மூன்றரை லட்சத்தில் இது உப்புக்கும் காணாது. கடைசித் தவணைக்கு முன் கூரையைப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னால் முடிந்தது.

சோலாரிலும் இதே பங்கீடுதான். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும். பலகை தெற்கு பார்த்து 12, 13 பாகை சாய்வு. தளத்தைத் துளைத்து போல்ட் இறக்க விடாதீர்கள்; கான்கிரீட் கட்டை வார்த்து அதில் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் மானியத்தில் பாதியைக் கசிவுக்குக் கொடுக்க வேண்டிவரும். ஆறேழு அடி உயர்த்தி அமைத்தால் கூரைக்கு நிழலும் ஆயிற்று. போர்வெல் தண்ணீரால் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும், மென்துணியால் உடனே துடைக்க வேண்டும். கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். பேட்டரி இல்லாத சோலாரை வாங்கிவிட்டு இதை யாரும் சொல்லவில்லையே என்று புலம்புபவர்கள் அநேகம். கூரை இல்லாத குடித்தனக்காரருக்கு இந்த மானியத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒத்துக்கொண்ட பிறகு, தண்ணீர்ப் பந்தலும் ஓஆர்எஸ் பொட்டலமும் மட்டும் ஏற்பாடு ஆகாது. ஷீட் போட்ட அங்கன்வாடிக்குள் மதியம் குழந்தைகளைத் தூங்கவைக்கிறோம். அதில் தனிமனிதர் யார்? மூன்று வயதுப் பிள்ளையா, ஆயாவா?

இதைக் கேட்க இடம் இருக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூரை விஷயத்தை மே 1 அன்று எழுப்பினால் கைதட்டல் கிடைக்கும், வேலை நடக்காது. அப்போது அடித்த சுண்ணாம்பு மாவாகத்தான் நிற்கும். கேட்க வேண்டிய நாள் ஜனவரி 26. 'ஊராட்சி அங்கன்வாடி, கான்கிரீட் கூரை 600 சதுர அடி, வெடிப்பு அடைத்து இரண்டு கோட்டு வெள்ளை: சுண்ணாம்பு 15 கிலோ, பிசின் 1.25 கிலோ, இரண்டு ஆள் இரண்டு நாள், மாசி முடிவதற்குள்' என்று தீர்மானத்தில் அளவோடு எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22 கூட்டத்துக்குப் போகும் வழியில் அந்த மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம்.